ஏழாம் நம்பர் இன்னும் எந்திரிக்கலை

பயந்துராதீங்க அண்ணாச்சி, கத்துனது கண்டக்டர் இல்லை, நான்தான். "கழுகுமலை எல்லாம் முன்னாடி வா, முன்னாடி வா, எறங்கு"ன்னு கேட்டுச்சே, அது இந்த வாயிலிருந்து வந்தது. கழுகுமலை வர இன்னும் அரை மணி நேரம் கிடக்கு. உங்க பக்கத்துல இருந்த வெள்ளைச் சட்டைப் பெரியவர் அரக்கப்பரக்க எந்திரிச்சுப் படிக்கட்டுக்கு ஓடினாருல்லா, அதான் எனக்கு இடம் கெடைச்சுது. அந்தா கம்பியைப் பிடிச்சுக்கிட்டு நிக்காரு. நிக்கட்டும். நின்னா கால் வலிக்கும், வேற ஒண்ணும் ஆகாது. என் மடியில இருக்கது நின்னுக்கிட்டுக் கொண்டுவர முடியாத சாமான்.

லேப்டாப். மூடியில அரசாங்க முத்திரை தெரியுதா? பள்ளிக்கூடத்துல சும்மா குடுத்ததுதான். முத்திரை மேல டீ கிளாஸ் வச்ச வட்டம் வட்டமா இருக்குல்லா, இது டீக்கடை வச்சிருக்க வெயிலுமுத்து அண்ணனோடது. கல்லாப்பெட்டி மேல வச்சுப் பாட்டுப் போடுவாரு. திறந்து பாத்தீங்கன்னா எழுத்துக்கு இடையில சீனி கிடக்கும். நேத்து வரைக்கும் கிடந்துச்சு. இப்ப துடைச்சுட்டாங்க. எல்லாத்தையும் துடைச்சுட்டாங்க.

என் பேரு பேச்சிமுத்து. கீழ ஊத்துப்பட்டி. பன்னெண்டாம் வகுப்புப் பரீட்சை எழுதிட்டு ரிசல்ட்டுக்காக உக்காந்திருக்கேன். குரல் மாத்திப் பேசுறது எனக்குச் சின்னப் பிள்ளையில இருந்தே வரும். எங்க ஊர்ல என்னால பேச முடியாத ஆளே கிடையாது. பால்காரரு, போஸ்ட் அம்மா, பஞ்சாயத்துத் தலைவரு, தலைவரு வீட்டு நாய், எல்லாம் பேசுவேன். ஒருதடவை ரேசன் கடைக்காரர் குரல்ல "சர்க்கரை வந்துட்டுது"ன்னு மைக்குல சொல்லிட்டேன், மொத்தத் தெருவும் பையோட வந்து நின்னுச்சு. எங்க அக்கா மட்டும் வரலை. வாசல்ல நின்னு சிரிச்சுக்கிட்டே, "ஏலே பேச்சி, அந்தாளு 'சர்க்கரை'ன்னா சொல்லுவாரு? 'சீனி'ம்பாருல"ன்னா.

அக்கா பேரு உலகம்மாள். எனக்கும் அவளுக்கும் பன்னெண்டு வயசு வித்தியாசம். அவ ஆராய்ச்சி பண்ணுறா. டாக்டர் பட்டம். ஊசி போடுற டாக்டர் இல்லை, எங்க அம்மாவே இன்னும் அதைச் சரியாப் புரிஞ்சுக்கிடலை. எங்க ஊர்ப் பெரிய குளத்துக்கரை உடைஞ்சா தண்ணி எந்தத் தெருவுக்குள்ள மொதல்ல நுழையும், எந்த வீட்டுல எத்தனை அடி நிக்கும், எத்தனை நிமிஷத்துல ஆளுகளை வெளியேத்தணும், இதைக் கம்ப்யூட்டர்ல கணக்குப் போட்டுப் பாக்குறது. ஏழு வருஷமாப் பண்ணுறா. இதுக்கு மேல கெடு கிடையாது, வர்ற முப்பதாம் தேதிக்குள்ள முடிவைக் குடுக்கணும், இல்லைன்னா பேரை எடுத்துருவோம்னு பல்கலைக்கழகத்துல சொல்லிட்டாங்க. பேரை எடுத்துட்டா ஏழு வருஷமும் போச்சு. பாதிப் பட்டம்னு ஒண்ணு கிடையாதாம்.

இன்னைக்குத் தேதி இருபத்தி நாலு.

பல்கலைக்கழகத்துல பெரிய கம்ப்யூட்டர் இருக்கத்தான் செய்யுது. அதுக்கு வரிசை. அக்கா முறை ஆடி மாசம் வருமாம். அவ என்ன பண்ணினா? ஒரு பெரிய கம்ப்யூட்டர் இல்லைன்னா என்ன, நம்ம ஊர்ல வீட்டுக்கு வீடு சின்னக் கம்ப்யூட்டர் இருக்குல்லான்னு கிளம்பிட்டா. தெருத் தெருவா அலைஞ்சா. "ஒரு மாசம் குடுங்க, பத்திரமாத் திருப்பித் தாரேன்." பத்து லேப்டாப் சேந்துச்சு, அவளோடது ஒண்ணு, ஆக பதினொண்ணு. ஒவ்வொரு வருஷத்துப் பிள்ளைகளுக்கும் ஒவ்வொரு மாடலு. சிலதுக்கு ரெண்டு மூளை, சிலதுக்கு நாலு. சிலது படக்னு எந்திரிக்கும், சிலதைத் தட்டி எழுப்பணும். எல்லாத்தையும் எங்க மாடி அறையில பலகை மேல வரிசையா வச்சு, வயரைப் போட்டு ஒண்ணோட ஒண்ணு கோத்து, பதினொண்ணும் சேந்து ஒரே கணக்கைப் போடுற மாதிரி ஆக்கிட்டா. ஆஸ்பெஸ்டாஸ் கூரை, அண்ணாச்சி. சித்திரை வெயில். உள்ள நுழைஞ்சா அவிச்ச கிழங்கு மாதிரி ஆயிருவோம்.

எப்படிச் சேந்து போடும்னு கேக்கீங்களா? ஊர்ப் படத்தைப் பட்டை பட்டையாப் பிரிச்சுக்கிடணும். மிஷினுக்கு இத்தனை பட்டைன்னு குடுத்துரணும். ஒவ்வொண்ணும் தன் பட்டையில அடுத்த நொடி தண்ணி எங்க நிக்கும்னு கணக்குப் போட்டு, ஓரத்துத் தண்ணியைப் பக்கத்து மிஷினுக்குச் சொல்லணும். எல்லாரும் சொல்லி முடிச்சாத்தான் அதுக்கடுத்த நொடி. கல்யாணப் பந்தி மாதிரி. எல்லாரும் இலையை மடிச்சப்புறந்தான் அடுத்த பந்தி. பத்துப் பேரு கை கழுவத் தயாரா இருந்தாலும், ஒரு ஆளு பாயசத்தை வழிச்சுக்கிட்டு இருந்தா உக்காந்துதான் இருக்கணும்.

அந்த ஒரு ஆளு இதுதான். என் மடியில இருக்குல்லா. ஏழாம் நம்பர்.

அக்கா முட்டாளில்லை. ஒவ்வொரு மிஷினையும் தனியா ஓடவிட்டு வேகம் பாத்து, வேகத்துக்குத் தக்கனதான் பட்டை பிரிச்சுக் குடுத்தா. மூணாம் நம்பர், ஜெபராணி டீச்சர் வீட்டுது, அதுக்கு நாப்பது பட்டை. ஏழாம் நம்பருக்கு ஒம்போதே ஒம்போது. காலையில எல்லாம் ஒண்ணாத்தான் முடிக்கும். மத்தியானம் கூரை காய ஆரம்பிச்ச உடனே ஏழாம் நம்பர் சுண்டிரும். உள்ள காத்தாடி ஓடலை. சூடு ஏறினா அதுவே தன் வேகத்தைக் குறைச்சுக்கிடும், எரிஞ்சு போயிரக்கூடாதுல்லா. அக்கா அதை எவர்சில்வர் தட்டைக் கவுத்து அதுமேல வச்சா, ஈரச் சாக்கைக் கீழ போட்டா. தூக்கி எறிஞ்சுட்டு ஓட்டலாம்னா அந்த ஒம்போது பட்டையைத் தாங்க மத்ததுல எடம் இல்லை.

நான்தான் காவல். கரண்டு போனா வயரெல்லாம் வந்து சேருற பெட்டியைப் பேட்டரிக்கு மாத்துறது, விசிறி திருப்புறது, எது திணறுதுன்னு பாக்குறது. சும்மா பாத்தா போரடிக்கும்லா? ஒவ்வொரு மிஷினும் முடிச்ச உடனே அதது சொந்தக்காரர் குரல்ல நான் பேசுவேன். மூணாம் நம்பர் முடிச்சா, "நான் எப்பவோ முடிச்சுட்டேன், யாரு அங்க பேசுறது, கையைக் கட்டு!" அஞ்சாம் நம்பர் முடிச்சா, மூக்கால, "ஆச்சுங்க, ஆச்சுங்க." கடைசியா ஏழாம் நம்பர், வெயிலுமுத்து அண்ணன், டீ ஆத்துற மாதிரி இழுத்து இழுத்து, "வரட்டும்... என்ன அவசரம்... பாத்துக்கிடலாம்..." அக்கா தலையில அடிச்சுக்கிட்டுச் சிரிப்பா. ஏழு வருஷத்துல அவ அப்படிச் சிரிச்சு நான் பாத்ததில்லை. என்னாலதான் சிரிச்சா. அதை நீங்க மனசுல வச்சுக்கிடணும்.

ரெண்டாம் தேதி ஓட ஆரம்பிச்சுது. காலையில உள்ள வேகத்துல ஓடினா இருபத்தோரு நாள். ஏழாம் நம்பரோட மத்தியானச் சண்டித்தனத்தைச் சேத்தா இருபத்தஞ்சு. இருபத்தேழாம் தேதி முடியும், மூணு நாள்ல படம் வரைஞ்சு எழுதிக் குடுக்கணும். அக்கா சுவத்துல கரிக்கோடு போட்டு எண்ணிக்கிட்டே இருந்தா. மூணு நாள் பத்தாதுன்னு அவ வாயால சொல்லலை. ஆனா சாப்பிடுறப்ப சோத்துல கோடு போட்டா.

அதனாலதான் நான் யோசிச்சேன். நல்லதுக்குத்தான் யோசிச்சேன்.

எங்க தெருக் கடைசியில மாடக்கண்ணுன்னு ஒருத்தன். எனக்கு ஒரு வருசம் மூத்தவன். அவன்கிட்ட இருக்கது கடைசியாக் குடுத்த மாடல், எல்லாத்தையும் விடப் புதுசு. அக்கா கேட்டப்ப, "எங்க சித்தி வீட்டுல இருக்கு, வந்தாத் தாரேன்"னுட்டான். எனக்கு நம்பிக்கை இல்லை. பய கருமி. பேனாவே தர மாட்டான். அதை வெளிய எடுக்க வச்சுட்டா, ஏழாம் நம்பரைத் தூக்கிட்டு அதை வச்சிரலாம். நாலு நாள் மிச்சம். எப்படி எடுக்க வைக்கிறது?

அண்ணாச்சி, இந்த இலவச லேப்டாப் இருக்குல்லா, இதை விக்கக் கூடாது, அடகு வைக்கக் கூடாதுன்னு குடுக்கும்போதே சொல்லித்தான் குடுப்பாங்க. ஊர்ல பாதிப் பேருக்கு அந்தப் பயம் மனசுல ஒரு ஓரத்துல கிடக்கும். என்னைக்காவது ஒரு நாள் ஜீப்புல வந்து, "எங்கம்மா அது, காட்டு"ன்னு கேப்பாங்கன்னு. நான் எங்க ஹெச்.எம். குரலை எடுத்தேன். ஞானதுரை சார். அவரு ஒவ்வொரு வாக்கியத்துக்கும் முன்னால ஒரு இருமல், ஒரு "கவனிங்க." பேசட்டுமா? மெதுவாப் பேசுறேன்.

"க்ஹும். கவனிங்க. அரசு வழங்கிய மடிக்கணினியை ஆய்வு செய்ய அலுவலர்கள் வருகிறார்கள். க்ஹும். கவனிங்க. நாளை மறுநாள் காலை பத்து மணிக்குள் அவரவர் வீட்டில் அவரவர் மடிக்கணினி இருக்க வேண்டும். இரவல் கொடுத்ததாகச் சொல்லக் கூடாது."

எப்படி? மயிர் கூச்செறியுதுல்லா? அதோட விட்டிருக்கலாம். நல்லா வந்துக்கிட்டு இருக்கும்போது எப்படி நிறுத்துறது? கூட ஒண்ணு சேத்தேன். "க்ஹும். கவனிங்க. மடிக்கணினி வேலை செய்யும் நிலையில் இருக்க வேண்டும். பழுதாக இருந்தால் பழுது பார்த்து வைக்க வேண்டும்." அதைச் சொல்லும்போது எனக்கே சிரிப்பு வந்து, வாயைப் பொத்திக்கிட்டேன். போன்ல பதிஞ்சு வாட்ஸ்அப்புல மாடக்கண்ணுக்கு அனுப்பினேன். வேற நம்பர்ல இருந்து. மாடக்கண்ணு ஒருத்தனுக்குத்தான் அனுப்பினேன்.

அவன் என்ன பண்ணினான்? "இது நெசமா?"ன்னு கேட்டு, பழைய மாணவர் குரூப்புல போட்டுட்டான். முந்நூறு பேரு இருக்க குரூப்பு.

மறுநாள் காலையில பத்து மணி இருக்கும். அக்கா கீழ பல்லு விளக்கிக்கிட்டு இருந்தா. மொதல்ல வந்தது ஜெபராணி டீச்சர். "உலகு, தப்பா நினைக்காத, நான் அரசு ஊழியர், என் பேரு கெட்டுரும்"னுட்டு நேரா மாடிக்கு ஏறிட்டாங்க. அக்கா வாயில நுரையோட பின்னாலயே ஓடுறா. "டீச்சர், டீச்சர், இன்னும் ஒம்போது நாள் டீச்சர், இப்ப வயரை எடுத்தா..." எடுத்துட்டாங்க. அவங்க இறங்கும்போது அடுத்த ஆளு ஏறுது. எங்க படிக்கட்டுல ரெண்டு பேரு ஒதுங்க முடியாது. ஒருத்தரு மேல ஒருத்தரு இடிச்சுக்கிட்டு, லேப்டாப்பை நெஞ்சோட அணைச்சுக்கிட்டு, தீப்பிடிச்ச வீட்டுல இருந்து பிள்ளையைத் தூக்கிட்டுப் போற மாதிரி போறாங்க. வெயிலுமுத்து அண்ணன் கடைசியா வந்தாரு. அங்கயும் கடைசிதான். "வரட்டும்மா... பாத்துக்கிடலாம்னுதான் நினைச்சேன்... ஆனா வேலை செய்யுற நிலையில இருக்கணுமாம்ல... கோவில்பட்டிக்குக் கொண்டுபோயி ரிப்பேர் பாக்கணும்..."

அக்கா அவரு கையைப் பிடிச்சா. ஒரு டீக்கடைக்காரர் கையை. "அண்ணே, ரிப்பேர் பண்ணுங்க, எதையும் அழிக்க மட்டும் விடாதீங்கண்ணே."

அவரு சரின்னுதான் சொன்னாரு.

மணி பதினொண்ணுக்கு மாடியில ஒரே ஒரு மிஷின். அக்காவோடது. அது நிக்கலை அண்ணாச்சி. அதுக்குப் பந்தியில இருந்து ஆளுக போனது தெரியாது. தன் பட்டையை முடிச்சுட்டு, மத்தப் பத்துப் பேரும் முடிப்பாங்கன்னு காத்துக்கிட்டு இருந்துச்சு. திரையில அந்தக் கோடு மினுக் மினுக்குனு. அக்கா அதை அமத்தலை. ரெண்டு நாள் அப்படியே விட்டிருந்தா. நான் பக்கத்துல போயி, மூணாம் நம்பர் குரல்ல, "யாரு அங்க பேசுறது, கையைக் கட்டு"ன்னேன். அவ திரும்பலை. சரி, அசதின்னு நினைச்சுக்கிட்டேன்.

மூணாம் நாள் ஹெச்.எம்.மே எங்க தெருவுக்கு வந்துட்டாரு. நெசமான ஹெச்.எம். "க்ஹும். கவனிங்க. நான் அப்படி எதுவும் பேசவே இல்லை." அவ்வளவுதான், மொத்தத் தெருவும் எங்க வீட்டு வாசல்ல. வேற யாரு வீட்டுக்குப் போவாங்க? "பேச்சிப் பயதான். அந்தப் பயலைத் தவிர யாருக்கு இது வரும்? வெளிய அனுப்புங்க அவனை." அம்மா அழுதுட்டு நிக்கா. நான் உள்ள கதவுக்குப் பின்னால. அப்ப அக்கா வெளிய வந்தா. ரெண்டு நாளாத் தலை சீவலை. வந்து, ரொம்ப நிதானமா, ஹெச்.எம். முகத்தைப் பாத்துச் சொன்னா:

"சார், என் தம்பி இல்லை. அவன் எல்லார் குரலும் பேசுவான். உங்க குரல் மட்டும் அவனுக்கு வராது."

எனக்கு எப்படி இருந்திருக்கும்? நீங்களே சொல்லுங்க. வராதாமே! எனக்கு ஹெச்.எம். குரல் வராதாம்! மூணு வருஷமா அவரைப் பேசுறேன், அவ முன்னாலயே பேசியிருக்கேன், அந்த இருமலை அவதான், "இன்னும் கொஞ்சம் மூக்குல இருந்து வரணும்ல"ன்னு திருத்திக் குடுத்தா. ஊரு முன்னால இப்படிச் சொன்னா என்ன அவமானம்? கதவைத் திறந்துக்கிட்டுப் போயி, "க்ஹும்"னு ஒரு இருமல் இருமிக் காட்டிரணும்னு வந்துச்சு. எப்படியோ அடக்கிக்கிட்டேன்.

ஹெச்.எம். அவளையே பாத்துக்கிட்டு நின்னாரு. "நீ சொன்னா சரிம்மா"ன்னுட்டுப் போயிட்டாரு. கூட்டமும் கலைஞ்சுட்டு. அக்கா சொன்னா எங்க ஊர்ல நம்புவாங்க. அவ பொய் சொல்ல மாட்டா.

அப்புறம் ஒவ்வொருத்தரா மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கிட்டு லேப்டாப்பைத் திருப்பிக் கொண்டாந்தாங்க. ஜெபராணி டீச்சர் கூடவே ஒரு சீப்பு வாழைப்பழம். அக்கா வாங்கி வாங்கி வச்சா, வயரை மாட்டினா. ஒம்போதும் வந்துட்டு. ஒவ்வொண்ணு உள்ளயும் அது அது போட்ட கணக்கு அப்படியே இருக்கு. ஆமா அண்ணாச்சி, அதைச் சொல்லலைல்லா. ஒவ்வொரு மிஷினும் தன் பட்டையைத் தனக்குள்ளயேதான் எழுதி வச்சுக்கிடும். எல்லாத்தையும் ஒரு இடத்துக்கு அனுப்பினா வயர் தாங்காது, பந்தி இன்னும் நேரமாகும். பதினொரு பட்டைக்கட்டும் சேந்தாத்தான் ஊரு. பத்து இருந்தா, விட்ட இடத்துல இருந்து ஓட்ட முடியாது. நடுவுல ஒம்போது பட்டையில தண்ணி எங்க நிக்குன்னு யாருக்குத் தெரியும்?

அதனாலதான் அக்கா ஏற்பாடு ஒண்ணு பண்ணியிருந்தா. ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை எல்லாத்தோட கணக்கையும் தனியா ஒரு ஹார்டு டிஸ்க் பெட்டியில காப்பி எடுக்கணும். அது என் வேலை. நோட்டு வச்சு, ஒண்ணுல இருந்து பதினொண்ணு வரைக்கும், எடுக்க எடுக்க டிக் போடணும்.

எடுத்தேன் அண்ணாச்சி. பத்துக்கு ஒழுங்கா எடுத்தேன். ஏழாம் நம்பர்ல பெட்டியைச் சொருகினா அது மூச்சை நிறுத்துற மாதிரி நின்னுரும். ஒரு காப்பிக்கு மூணு மணி நேரம். அந்த மூணு மணி நேரமும் மத்தப் பத்தும் சும்மா உக்காந்திருக்கணும். அக்காவுக்கு நேரம்தான முக்கியம்? அவளுக்கு மூணு மணி நேரம் மிச்சம் பண்ணிக் குடுப்போம்னு ஏழாம் நம்பரை விட்டுட்டேன். ரெண்டு ஞாயிறும் விட்டுட்டேன். நோட்டுல டிக் போட்டேன். போடலைன்னா கேப்பாள்லா?

முந்தாநாள் அக்கா அந்தப் பெட்டியைத் திறந்து பாத்தா. ஏழுன்னு பேரு வச்ச எடம் காலியாக் கிடக்கு. நோட்டை எடுத்தா. டிக்கு இருக்கு. அந்த டிக்கு மேல விரலை வச்சா. "நீதான போட்ட?"ன்னு கேட்டா. நான் வெயிலுமுத்து அண்ணன் மாதிரி, "வரட்டும்... பாத்துக்கிடலாம்..."ன்னேன். இவ்வளவு நாள் சிரிச்சவ. சிரிக்கலை. "கோவில்பட்டிக்குப் போயி அந்த மிஷினை வாங்கிட்டு வா. அதுக்குள்ள இருக்கும்"னா. "இருக்கும்ல?"னு என்கிட்டயே கேட்டா.

போனேன். இன்னைக்குக் காலையிலேயே கடை வாசல்ல நின்னுட்டேன். சர்வீஸ் கடைக்காரர் நல்ல மனுஷன். வெத்திலை போட்டுக்கிட்டு, பேசுறதெல்லாம் வாய் நிறையப் பேசுவாரு. "ழம்பி, ழாக்கெட்டு ழம்பி, ழாக்கெட்டு." காத்தாடி புதுசு. சீனியெல்லாம் துடைச்சாச்சு. உள்ள இருந்த டிஸ்க்கு, கணக்கையெல்லாம் எழுதி வச்சிருக்கது, அது நோயாளியா இருந்துச்சாம், அதைக் கழட்டிட்டுப் புதுசு போட்டுட்டாரு. பழசு எங்கன்னேன். "அழு கழிவுக்குப் போயிழுச்சு. சும்மா போழ மாட்டோம், சுத்தமா அழிச்சு, ஓட்டை போழ்ழுத்தான் போழுவோம். கஸ்டமர் ரகசியம் முக்கியம்ல." வெயிலுமுத்து அண்ணன் சொல்லலையான்னு கேட்டேன். சொன்னாராம். "பாட்டெல்லாம் அழிஞ்சிரக் கூழாதுன்னாரு, பாட்டை எழுத்து வச்சுட்டேன்." திறந்து காட்டினாரு. நாநூத்திப் பன்னெண்டு பாட்டு. பத்திரமா இருக்கு.

நான் அங்கனயே ஓடவிட்டுப் பாத்தேன் அண்ணாச்சி. ஆச்சரியம்! பதினொண்ணுலயும் இப்ப இதுதான் ஸ்பீடு. மூணாம் நம்பரையே தூக்கிச் சாப்பிட்டுரும். மொதல்ல இருந்து திரும்ப ஓட்டினாலும் இருபத்தஞ்சு நாள் ஆகாது. இருபதுல முடிஞ்சிரும். அஞ்சு நாள் லாபம். இதைச் சொன்னா அக்கா சந்தோஷப்படுவாதான?

ஆறு நாள்தான் இருக்கு. தெரியும். அதுக்கும் யோசனை வச்சிருந்தேன். பல்கலைக்கழகத்துப் பதிவாளர் பேசின வீடியோ ஏதாவது இருந்தாக் குடு அக்கா, ரெண்டு நாள் கேட்டுப் பழகினாப் போதும், அவரு குரல்லயே உங்க பேராசிரியருக்குப் போன் போட்டு, கெடுவை நீட்டிட்டோம்னு சொல்லிருதேன்னேன். நேத்து சாயங்காலம் சொன்னேன். அக்கா சுவத்துப் பக்கமாத் திரும்பி, ஈரத்துணியை எடுத்து அந்தக் கரிக்கோடையெல்லாம் துடைச்சா. ஒண்ணு விடாமத் துடைச்சா. "போயி மிஷினை வாங்கிட்டு வா"ன்னா. அவ்வளவுதான்.

மாடக்கண்ணு லேப்டாப்பா? அந்தக் கூத்தைக் கேக்காதீங்க. நெசமாவே அவன் சித்தி வீட்டுலதான் இருந்திருக்கு. பய பொய் சொல்லலை.

அண்ணாச்சி எதுவரைக்கும்? சங்கரன்கோவிலா? அப்பச் சரி. நான் முன்னாடியே எறங்கிருவேன். ஒரு ஒத்தாசை செய்யணும். இதைக் கேக்கத்தான் உங்க பக்கத்துல வந்து உக்காந்தேன், சும்மா சொல்லக்கூடாது. உங்க முகத்தைப் பாத்தா நம்புற மாதிரி இருக்கு. நான் அக்காவுக்குப் போன் போட்டுத் தாரேன். நீங்க ரெண்டே வரி. "கோவில்பட்டி சர்வீஸ் கடையில இருந்து பேசுறேம்மா. பழைய டிஸ்க் இல்லைம்மா." அவ்வளவுதான். வச்சிரலாம்.

கடைக்காரர் குரல் எனக்கு வருமேன்னுதான கேக்கீங்க? வரும். இப்பக் கேட்டீங்கல்லா. ஆனா அக்காகிட்ட எடுபடாது. அவகிட்ட நான் எந்தக் குரல்ல பேசினாலும் மொத வார்த்தையிலேயே பிடிச்சிருவா. கூட்டத்துக்குள்ள இருந்து பேசினாலும் பிடிப்பா. போன்ல பிடிப்பா. சின்ன வயசுல இருந்தே அப்படித்தான், ஒரு தடவை கூட ஏமாந்தது கிடையாது. ஹெச்.எம். குரல் ஒண்ணுதான் அவ...

ஏன் அண்ணாச்சி அப்படிப் பாக்கீங்க?

இல்லை, ஏன் அப்படிப் பாக்கீங்க?

அவ அந்தக் குரலைக் குரூப்புல போட்டுக் கேட்டாளான்னா? கேட்டிருப்பா. கேட்டா. ரெண்டு தடவை போட்டுக் கேட்டா. என் முன்னாலதான். கேட்டுட்டு, "இருமல் நல்லா வந்திருக்கு"ன்னா. ஹெச்.எம். உடம்புக்கு முடியலை போலன்னு சொல்லுறாளாக்கும்னு நான்...

வெயில் ரொம்ப அடிக்குதுல்லா. அந்தச் சன்னலைக் கொஞ்சம் இறக்குங்க. இது சூடாகக் கூடாது.

அந்தா, கண்டக்டர் கத்துறாரு, "கழுகுமலை எல்லாம் எறங்கு"ன்னு. நான் இல்லை. இது நெசமான கண்டக்டர். பெரியவர் எறங்காம என்னையே முறைச்சுக்கிட்டு நிக்காரு, யாரோ சொல்லிக் குடுத்துட்டாங்க. ஐயா, எறங்குங்க ஐயா, கழுகுமலை வந்துட்டுது. நான் பேசலை. சத்தியமா நான் பேசலை ஐயா. பஸ்ஸு கிளம்புது. அடடா, எறங்கலையே. நம்ப மாட்டேங்காரே.

இருங்க, போன் அடிக்குது. என் போன்தான். பின்னாடி சிரிக்காங்க பாருங்க, எல்லாரும் திரும்பிப் பாக்காங்க. ரிங்டோன் அண்ணாச்சி. அக்கா கூப்பிட்டா அக்கா குரல்லயே கூப்பிடுற மாதிரி நான் பேசிப் பதிஞ்சு வச்சிருக்கேன். அவளுக்கே தெரியாது. அச்சு அசல் அவதான்லா? நீங்க எடுங்களேன். ரெண்டு வரிதான். பிடிங்க அண்ணாச்சி. கையை ஏன் மடக்கிக்கிட்டீங்க?

நின்னுட்டுது. திரும்ப அடிப்பா. அவ எப்பவும் எடுக்குற வரைக்கும் அடிப்பா.

"ஏலே பேச்சி, எடுல. அக்காதான். எடுல."